கழுவித் துடைத்த வண்டி

நூம்பலில் ஜெயசீலி வீட்டுக்கு யாராவது பெரிய மனிதர் வருகிறார் என்றால் முதல் நாளே தெருவுக்கு விஷயம் தெரிந்துவிடும். வாசலிலிருந்து சாக்கடை வரைக்கும் சோப்பு நுரை ஓடும். பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்தாலும் சரி, மின்சார வாரியத்துக்காரர் மீட்டர் பார்க்க வந்தாலும் சரி, அவளுக்கு ஒரே நியாயம்தான். வருகிறவர் வேட்டியிலோ பேண்டிலோ தூசு ஒட்டக்கூடாது. நல்ல குணம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. அந்த நல்ல குணம்தான் எண்பத்தைந்தாம் வருட மழைக்குப் பிறகு அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது.

அவள் புருஷன் எட்மண்ட் அம்பத்தூரில் ஒரு கம்பெனி முதலாளிக்குப் பதினாலு வருஷம் கார் ஓட்டியவன். முதலாளி கண்ணை மூடியதும் கையில் வந்ததை வைத்தும், பேங்கில் கடன் வாங்கியும் ஒரு வெள்ளை அம்பாசடரை வாங்கி டூரிஸ்ட் பர்மிட் போட்டான். ஓட்டுவது அவன் வேலை. கழுவுவது ஜெயசீலியின் வேலை. விடிந்ததும் கோலம் போடுகிற வீட்டில் கோலம் போடுவார்கள், இவள் வண்டி கழுவுவாள். பூந்தமல்லியிலிருந்து போரூர் வரைக்கும் கல்யாண வீட்டுக்காரர்கள் எட்மண்டின் வண்டிதான் வேண்டும் என்று கேட்டு வந்ததற்கு அவன் ஓட்டுகிற அழகு மட்டும் காரணமில்லை. கூறைப்புடவை கட்டின பொண்ணை அந்த சீட்டில் நம்பி உட்காரவைக்கலாம். வண்டிதான் அந்த வீட்டுக்குச் சோறு. இன்ஷூரன்சும் முழு இன்ஷூரன்ஸ். வெள்ளம், புயல், தீ எல்லாம் சேர்ந்தது. வேறு எதற்குத் தவணை தவறினாலும் அதற்கு மட்டும் ஜெயசீலி தவறவிட்டதில்லை.

நவம்பர் மாசம் ஆரம்பித்த மழை விடாமல் பெய்தது. நாலாம் நாள் மத்தியானம் ஏரி நிரம்பி, கலங்கல் தாண்டி, கழனியெல்லாம் மூழ்கி, தெருவுக்குள் வந்துவிட்டது. வேலப்பன்சாவடி போகிற ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். வண்டியை எங்கே கொண்டுபோவது? கொட்டகையிலேயே நின்றது. ஜெயசீலியும் எட்மண்டும் அரிசிப் பானையையும் பத்திரங்களையும் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு எல்லம்மாவின் மெத்தை வீட்டுக்குப் போனார்கள். எல்லம்மா பரம்பரையாக அங்கே பயிர் வைக்கிற குடும்பம். மொட்டை மாடியில் தார்ப்பாய் கட்டி இரண்டு எருமைகளையும் ஏற்றிவைத்திருந்தாள். எருமைக்குப் பக்கத்திலேயே அடுப்பு. கழனியில் மேய்ந்த கெண்டையைப் புடவைத் தலைப்பாலேயே பிடித்துக் குழம்பு வைத்தார்கள். மழையோடு மழையாக இரண்டு நாள் நல்ல சாப்பாடுதான். எட்மண்ட் மட்டும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாடி விளிம்பில் நின்றபடியே தின்றான். அங்கிருந்து பார்த்தால் கொட்டகைக்குள் வண்டியின் கூரை மட்டும் தெரிந்தது. பானெட் தெரியவில்லை.

தண்ணீர் வடிந்ததும் எட்மண்ட் முதலில் ஓடியது காட்டுப்பாக்கத்துக்கு, இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ராஜசேகரனிடம். ராஜசேகரன் தெளிவாக இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். சர்வேயர் வந்து பார்க்கிற வரைக்கும் சாவி போட்டு ஸ்டார்ட் செய்யக்கூடாது. எந்தப் பாகத்தையும் கழற்றக்கூடாது. வேலப்பன்சாவடி மெக்கானிக் கோதண்டமும் அதையேதான் சொன்னான். கழுவக்கூடாது என்று ராஜசேகரனும் சொல்லவில்லை, கோதண்டமும் சொல்லவில்லை. அப்படி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

டிசம்பர் முதல் வாரம் தகவல் வந்தது. புதன்கிழமை சர்வேயர் வருகிறார்.

திங்கட்கிழமை காலை ஜெயசீலி கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். வண்டிக்குள் இரண்டு விரல்கடை உயரத்துக்கு ஏரிச் சேறு. சீட்டின் நடுவில், கதவின் உள்பக்கத்தில், டேஷ்போர்டில் எல்லாம் தண்ணீர் நின்ற கோடு பழுப்பாகப் படிந்திருந்தது. நாற்றத்துக்குப் புடவைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டாள். எல்லம்மா கிணற்றில் இறைத்துக் கொட்ட, ஜெயசீலி தேங்காய் நாரும் சலவை சோப்பும் போட்டுத் தேய்த்தாள். சேற்றைத் தேங்காய் ஓட்டால் வழித்துக் கூடை கூடையாகக் கொண்டுபோய் எல்லம்மாவின் கீரைப் பாத்தியில் கொட்டினாள். சீட் உறைகளைக் கழற்றி வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்து அலசிக் காயப்போட்டாள். கோடு சுலபத்தில் போகவில்லை. பல் துலக்குகிற பிரஷ் வைத்து ஓரம் ஓரமாகத் தேய்த்தாள், விரல் தோல் உரிந்தது. செவ்வாய்க்கிழமை டேஷ்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய் பூசினாள். சாம்பிராணிச் சட்டியை உள்ளே வைத்துக் கதவுகளைச் சாத்தினாள். கண்ணாடியில் தொங்குகிற ஜெபமாலையைக்கூட எலுமிச்சம்பழம் போட்டு விளக்கினாள். அப்புறம் எப்படியும் கிறிஸ்துமஸ் வருகிறதே என்று வீட்டுச் சுவருக்கும் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. சுவரில் இடுப்பு உயரத்துக்கு நின்ற கோடும் போயிற்று.

"வண்டியப் பாத்தா கல்யாணத்துக்குப் போற மாதிரி கீதுமே" என்றாள் எல்லம்மா. ஜெயசீலிக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சர்வேயர் ஸ்கூட்டரில் வந்தார். சின்ன வயசு, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. வண்டியைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து முகர்ந்து பார்த்தார், சாம்பிராணி வாசம். சீட்டைத் தடவினார். சாவியைத் திருகினார், இன்ஜின் எழும்பவில்லை. சுவரைப் பார்த்தார். எட்மண்டுக்கு ஆபீசர் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். உள்ளே எல்லாம் தண்ணீர் போயிருக்கிறது சார் என்று ஒரே ஒரு முறை சொன்னான். பார்க்கலாம் பார்க்கலாம் என்றார் அவர். பேசத் தெரிந்த கோதண்டமோ அன்றைக்கென்று சுங்குவார்சத்திரத்தில் அச்சு முறிந்து நின்ற லாரிக்குப் போயிருந்தான். ஜெயசீலி எருமைப்பாலில் காபி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு சர்வேயர் சொன்னார்: "வீட்டையும் சரி, வண்டியையும் சரி, ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்கம்மா."

அந்தப் பாராட்டை அவள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதுதான் பின்னால் அவளுக்குப் பொறுக்கமாட்டாமல் போயிற்று.

கிறிஸ்துமசுக்கு நாலு நாள் இருக்கையில் பதிவுத் தபால் வந்தது. இங்கிலீஷ். ராஜசேகரன் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவர் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். வண்டிக்குள் வெள்ளநீர் புகுந்ததற்கான அடையாளம் எதுவும் காணப்படவில்லை. இன்ஜின் ஓடாததற்குக் காரணம் பழைய தேய்மானம். ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

"ஏம்மா, சர்வேக்கு முன்னாடி யாராவது வண்டியக் கழுவுவாங்களா?" என்றார் ராஜசேகரன்.

எட்மண்ட் திரும்பி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு அவன் நாலு அறை அறைந்திருக்கலாம்.

அதற்கப்புறம் பார்க்கிறவர்கள் எல்லாம் அதையே கேட்டார்கள். பால் ஊற்ற வந்தவன் கேட்டான். கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் ரோஸி டீச்சர் கேட்டாள். வேலப்பன்சாவடி பஸ் நிறுத்தத்தில் முகம் தெரியாத ஒருத்தன், கழுவிக் கெட்ட வண்டி இவங்களுதுதானா என்று பக்கத்திலிருந்தவனிடம் விசாரித்தான். ஜெயசீலிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எண்ணிப் பார்த்தால் வாழ்நாள் முழுக்க அவளிடம் எல்லோரும் புகழ்ந்த ஒரே குணம் அது. அழுக்காகப் போட்டுவைத்திருந்தால் மூதேவி வீடு என்பார்கள். சுத்தமாக வைத்தால் புத்தி கெட்டவள் என்கிறார்கள். இந்த ஊரில் ஒரு பொம்பளை என்னதான் செய்வது?

கிறிஸ்துமஸ் அன்றைக்கு வீட்டில் கறி எடுக்கவில்லை. அன்று சாயங்காலம்தான் எட்மண்ட் விஷயத்தைச் சொன்னான். பூந்தமல்லியில் பழைய கார் வாங்கி உடைத்து விற்கிறவன் ஒருத்தன் இருக்கிறான். ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் லாரி கொண்டுவந்து கட்டி இழுத்துப்போகட்டும் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னான். அந்தப் பணம் பேங்குக்குப் போய்விடும். இவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதாவது கம்பெனி வேனுக்கு டிரைவராகப் போய்விடுவான்.

"திரும்பவும் இன்னொருத்தன் கதவத் தொறந்துவுட்டு நிக்கப் போறியா?" என்றாள் ஜெயசீலி.

"வேற இன்னா பண்ணச் சொல்ற? கயுவுனது நீ" என்றான் அவன்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவன் அவளைக் குத்திச் சொன்ன முதல் வார்த்தை. அவள் எழுந்து கொட்டகைக்குப் போய், அந்தப் பளபளக்கிற பானெட்டின் மேல் ஓங்கி ஓர் அடி அடித்தாள். கைதான் வலித்தது.

மறுநாள் கோதண்டம் வந்தான். வண்டி உடைப்புக்குப் போகிறது என்று கேள்விப்பட்டு வந்திருந்தான். கடிதத்தில் இருந்ததைச் சொன்னதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயசீலி முறைத்தாள்.

"கோச்சுக்காத அண்ணி. வெளிய நீ கயுவுன. உள்ள எவன் கயுவுனான்? கியர் பாக்ஸ்ல, பின்னாடி அச்சுல கீற கிரவுன்ல போன தண்ணி இன்னும் அப்டியே கீது. கயட்டக் கூடாதுன்னு சொன்னாங்கன்னுதான் நான் கை வைக்கல. அடில படுத்து, ஆயிலு எறக்கற ரெண்டு பிளக்க தொறந்து பாத்தானா அந்த ஆளு?"

"படுக்கல. வெள்ள சட்ட போட்டுகினு வந்தாரு" என்றாள் ஜெயசீலி.

சொன்ன பிறகுதான் அவளுக்கே அந்த வார்த்தையின் சூடு உறைத்தது. தன்மேல் இருந்த கோபமெல்லாம் அப்படியே திரும்பி, ஒரு வெள்ளைச் சட்டையின் மேல் போய் உட்கார்ந்தது. இத்தனை நாள் தன்னையே தின்றுகொண்டிருந்தவளுக்கு அன்றைக்குத்தான் பசித்தது. பழைய சோற்றில் கருவாட்டைச் சுட்டுப் போட்டுக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

அடுத்த நாள் இரண்டு பஸ் மாறி இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போனாள். எட்மண்ட் வரமாட்டேன் என்றுவிட்டான். மேனேஜர் லீவு. அடுத்த நாள் மேனேஜர் இருந்தார், மீட்டிங்கில் இருந்தார். ஜெயசீலி பெஞ்சில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டுபோன எலுமிச்சம்பழச் சோற்றை அங்கேயே தின்றாள். பியூன் வந்து இங்கே சாப்பிடக்கூடாது என்றான். அப்படியானால் உன் மேனேஜரை வெளியே வரச்சொல், நான் தெருவில் போய்ச் சாப்பிடுகிறேன் என்றாள். மூன்றாம் நாள் உள்ளே கூப்பிட்டார்கள்.

மேனேஜர் நல்லவிதமாகவே பேசினார். ரிப்போர்ட்டை மீறித் தன்னால் ஒன்றும் செய்யமுடியாது என்றார். வெள்ளத்தில் ஊரே மூழ்கியது உண்மைதான், ஆனால் இந்த வண்டி மூழ்கியதற்கு அடையாளம் வேண்டாமா என்றார். கடைசியில் அவரும் அதற்கே வந்தார். கழுவாமல் விட்டிருந்தால் இந்நேரம் செக் வந்திருக்கும் என்றார்.

ஜெயசீலி நாற்காலியை விட்டு எழுந்துகொண்டாள்.

"சார், நாளிக்கு உங்க ஊட்டுக்கு ஒரு பெரிய அதிகாரி வர்றார்னா, ஊட்டக் கூட்டாம குப்பையோட போட்டு வெப்பீங்களா? அவரு வர்றாருன்னுதான் நான் ரெண்டு நாளு தேச்சேன். கை தோலு உரிஞ்சிட்ச்சி, பாருங்க. வந்த ஆளு காபி குடிச்சாரு, சுத்தமா கீதுன்னு சொன்னாரு, போயி இப்டி எய்திட்டாரு. அழுக்கா இருந்தாதான் துட்டு குடுப்போம்னு அந்த பாரத்துல எங்கனா போட்டு கீதா? போட்டு இருந்தா காட்டுங்க, நான் பேசாம போயிடறேன்."

மேனேஜர் பாரத்தைப் பார்க்கவில்லை.

"அவர அனுப்புங்க. குனிஞ்சி வண்டி அடில பாக்கச் சொல்லுங்க. அங்க நான் கயுவல. அவ்ளோ தூரம் படுத்து கயுவ எனக்கு முடியல."

போகமாட்டாள் என்று மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. மறு சர்வேக்கு ஒரு மனு எழுதி வாங்கிக்கொண்டார்.

ஜனவரி ஐந்தாம் தேதி. மறுநாள் மூன்று ராஜாக்கள் திருநாள். அதற்கடுத்த நாள் உடைப்புக்காரனின் லாரி. பத்து மணிக்கு அதே ஸ்கூட்டரில் அதே சர்வேயர் வந்து இறங்கினார். இந்தத் தடவையும் வெள்ளைச் சட்டைதான். வாசலில் யாரும் தண்ணீர் தெளித்திருக்கவில்லை. காபியும் இல்லை. எல்லம்மா கிணற்றடியில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். எட்மண்ட் தூணோடு தூணாக நின்றான்.

ஆபீசில் சொன்னதைச் செய்து முடித்துவிட்டுப் போகலாம் என்ற முகத்தோடு அவர் வந்திருந்தார். கோதண்டம் சாக்கைப் போட்டு அடியில் நுழைந்து, பின்பக்கம் கிரவுனுக்குக் கீழே அலுமினியக் குண்டானை வைத்துவிட்டு பிளக்கைத் திருகினான். முதலில் தண்ணீர் வந்தது. எண்ணெய் கலக்காத வெறும் தண்ணீரே ஒரு சொம்பு அளவுக்குக் கொட்டிற்று. பிறகு எண்ணெய் வந்தது, கறுப்பாக இல்லை, டீக்கடை டீ நிறத்தில் குழைந்து வந்தது. கோதண்டம் குண்டானை இழுத்து சர்வேயர் காலடியில் வைத்தான்.

சர்வேயர் குனிந்து பார்த்தார். பேனாவை எடுத்தார். மூடியைத் திறக்காமலே சொன்னார்: "இத நேத்திக்கு நீங்களே ஊத்தி வச்சிருக்கலாமே. எனக்கு எப்படித் தெரியும்?"

கோதண்டம் ஸ்பேனரோடு எழுந்தான். எட்மண்ட் தூணை விட்டு ஓர் அடி முன்னால் வந்தான். அவன் முகம் அப்படி மாறி ஜெயசீலி பார்த்ததில்லை. அவள் இரண்டு பேரையும் கையால் தடுத்தாள். குரலை உயர்த்தாமலே பேசினாள்.

"செரி சார். நாங்க ஊத்துனோம். கியர் பாக்ஸ் பிளக்கு இன்னும் தொறக்கல. அது மேல ஏரி சேறு காஞ்சி அப்பிகினு கீது, ஒரு மாசத்துக்கு மேலா எவன் கையும் படல. நீங்களே தொறங்க."

"நான் எதுக்கும்மா..."

"எங்க கை பட்டா ஊத்துன தண்ணி ஆயிடும். உங்க கை பட்டாதான் அது ஏரித் தண்ணி. கோதண்டம், சாருக்கு சாக்கப் போடு."

தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். பால்காரன் கேனை இறக்கி வைத்துவிட்டு நின்றான். சர்வேயர் ஸ்கூட்டரைப் பார்த்தார். ஸ்கூட்டருக்கும் அவருக்கும் நடுவில் எல்லம்மாவின் எருமை நின்றது, எல்லம்மா அதை நகர்த்துகிற மாதிரி தெரியவில்லை. வேறு வழியில்லாமல் கைக்குட்டையைக் கழுத்தில் செருகிக்கொண்டு சாக்கில் மல்லாந்து படுத்தார். கோதண்டம் பிளக் இருக்கும் இடத்தை டார்ச் அடித்துக் காட்டினான். காய்ந்த சேறு கெட்டியாக மூடியிருந்தது. சர்வேயரே ஸ்பேனர் முனையால் அதைச் செதுக்கினார். பொடி கண்ணில் விழுந்தது, கெட்ட வார்த்தை ஒன்று வாய்க்குள் முனகினார். மூன்று முறை வழுக்கி நாலாம் முறை பிளக் அசைந்தது. பழக்கமில்லாத கை, விரலால் முழுக்கத் திருகிவிட்டார்.

தண்ணீரும் எண்ணெயும் ஒன்றாகக் கலந்து அவர் உள்ளங்கையில் விழுந்து, மணிக்கட்டில் வழிந்து, முழங்கை வழியாக வெள்ளைச் சட்டைக்குள் இறங்கியது. கூடவே ஏரியின் நாற்றமும் வந்தது. தெருவில் நின்றவர்கள் எல்லோருக்கும் தெரிந்த நாற்றம். நவம்பர் மாசம் அவர்கள் வீட்டுக்குள் நின்ற அதே தண்ணீர்.

அவர் வெளியே வந்து எழுந்து நின்றார். இரண்டு கையையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பால்காரன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. சர்வேயர் ஜெயசீலி பக்கம் திரும்பினார்.

"தண்ணி போயிருக்கும்மா. போயிருக்கு. நான் ஆபீஸ் போய் எழுதிடறேன். கொஞ்சம் தண்ணியும் சோப்பும் குடுங்க, கையக் கழுவிக்கறேன்."

எல்லம்மா வாளியை இறைத்துத் தயாராகக் கிணற்று மேடையில் வைத்தாள். பழக்க தோஷத்தில் ஜெயசீலியின் கால் சோப்பு எடுக்க வீட்டுப் பக்கம் திரும்பியது. பாதி வழியில் நின்றுவிட்டது.

"எய்திட்டு கயுவுங்க சார்" என்றாள். "கயுவிட்டு எய்துனா இன்னா ஆவும்னு எங்களுக்குத் தெரியும்."

எட்மண்ட் ஸ்கூட்டரிலிருந்து அவருடைய பையை எடுத்துவந்தான். ஆபீசர் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிற அந்த மனுஷன், ரிப்போர்ட் காகிதத்தை உருவிப் பளபளக்கிற பானெட்டின் மேல் விரித்து, பறக்காமல் இரண்டு மூலையையும் தன் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டான். சர்வேயர் பேனாவைப் பிடித்தார். வழுக்கியது. வழுக்க வழுக்க எழுதினார். கியர் பாக்ஸிலும் கிரவுனிலும் வெள்ளநீர் இருப்பது நேரில் கண்டறியப்பட்டது என்பதை இங்கிலீஷில் நாலு வரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தின் ஓரத்தில் ஐந்து விரலும், நடுவில் அரை உள்ளங்கையும் டீ நிறத்தில் பதிந்திருந்தன.

ஜெயசீலி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். எழுத்து அவளுக்குப் படிக்கத் தெரியாது. கறையைப் பார்த்தாள். பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் போகாத கறையா என்று தேர்ந்த கண்ணால் பார்த்தாள். பிறகு எழுத்து மேல் படாமல் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து அவர் பையிலேயே திரும்ப வைத்தாள்.

எல்லம்மாவின் பக்கம் திரும்பி, "யக்கா, இப்ப ஊத்து" என்றாள்.